காட்டு வழியில் மணற்பாறைக் குகைகள்: காணும் முறையும் காக்கும் முறையும்

காட்டினூடே நடந்து செல்வோரின் கண்ணை முதலில் ஈர்ப்பவை மரங்களும் பறவைகளும் விலங்குகளுமே. அவற்றைத் தாங்கி நிற்கும் பாறையை நின்று நோக்குவோர் சிலரே. எனினும், ஊற்று எங்கே சுரக்கும், எந்த மரம் எங்கே வளரும், கரடி எங்கே படுக்கும், பண்டைய மனிதன் எங்கே தங்கினான் என்னும் கேள்விகளுக்கெல்லாம் விடை பெரும்பாலும் அப்பாறையிலேயே அடங்கியுள்ளது. மணற்பாறை மிகுந்த மலைகளில் இவ்வுண்மை தெளிவாக விளங்கும். அங்கே செங்குத்தான பாறைச் சுவர்களும், குடை போன்று கவிந்த கூரைகளும், சிறியவும் பெரியவுமான குகைகளும் வழிநெடுகக் காணப்படும்.

இத்தகைய இடங்களுக்குக் காவற்பணியின் பொருட்டுச் செல்லும் களப் பணியாளருக்கும், மாணாக்கரை அழைத்துச் செல்லும் ஆசிரியருக்கும் இரு கடமைகள் உள்ளன. கண்டதைச் சரியாக அறிந்துகொள்ளுதல் ஒன்று. உடன் வந்தவருக்கும் குகைக்கும் ஊறு நேராமற் காத்தல் மற்றொன்று. மத்தியப் பிரதேசத்திலுள்ள பச்மரி, பீம்பேட்கா ஆகிய இரு இடங்களைச் சான்றாகக் கொண்டு இவ்விரு கடமைகளும் இங்கே விளக்கப்படுகின்றன.

மணற்பாறை உருவாகும் விதம்

மணற்பாறை படிவுப் பாறை வகையைச் சேர்ந்தது. ஆற்று நீரோ, கடலலையோ, காற்றோ கொண்டுவந்து சேர்த்த மணல், அடுக்கின்மேல் அடுக்காகப் படிகின்றது. மேலுள்ள அடுக்குகளின் பாரத்தால் கீழுள்ள மணல் நெருங்கி இறுகுகின்றது. மணிகளுக்கிடையே ஊடுருவும் நீரில் கரைந்துள்ள சிலிக்கா, இரும்பு ஆக்சைடு, சுண்ணாம்பு முதலிய பொருள்கள் அம்மணிகளின் இடுக்குகளில் படிந்து, செங்கற்களைச் சாந்து பிணைப்பதுபோல் அவற்றைப் பிணைக்கின்றன. பாறையின் வலிமை மணலை விட இந்த இணைப்புப் பொருளையே பெரிதும் பொறுத்தது. சிலிக்காவால் பிணைந்த பாறை மிகக் கடினமானது. சுண்ணாம்பாலோ களிமண்ணாலோ பிணைந்தது எளிதில் உதிரும். இரும்பு ஆக்சைடு கலந்திருப்பின் பாறை சிவப்பு, மஞ்சள், பழுப்பு நிறங்களைப் பெறும்.

மணற்பாறைச் சுவரை உற்று நோக்கினால் கிடையான பெரிய அடுக்குகளுக்குள்ளே சாய்வான மெல்லிய கோடுகள் தென்படும். இவற்றைக் குறுக்கு அடுக்குகள் என்பர். ஓடும் நீரில் மணற்றிட்டு முன்னோக்கி நகரும்போது அதன் சரிவான முகப்பில் மணல் வழிந்து படிவதால் இக்கோடுகள் அமைகின்றன. கோடுகள் எத்திசை நோக்கித் தாழ்கின்றனவோ, அத்திசையில் பண்டை நீரோட்டம் சென்றது எனக் கொள்ளலாம். ஆற்றங்கரையில் இன்று காணும் அலைக்குறிகள் சில பாறைகளின் மேற்பரப்பில் அப்படியே உறைந்திருப்பதும் உண்டு. இவ்விரண்டையும் அடையாளங்காணப் பழகிய மாணவன், நீரற்ற மலையுச்சியில் நின்றுகொண்டே ஒரு பழைய ஆற்றின் போக்கைச் சுட்டிக்காட்ட வல்லவனாகிறான்.

குகை தோன்றும் விதம்

குகை என்றதும் பலருக்கு நினைவில் வருவது சுண்ணாம்புக்கற் குகையே. ஆந்திரப் பிரதேசத்தின் போரா குகைகளும் சத்தீசுகரின் குடும்சர் குகையும் அவ்வகையின. அங்கே மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிப் பாறையையே கரைத்து நீண்ட சுரங்க வழிகளை ஆக்குகின்றது. கரைந்த சுண்ணாம்பு மீண்டும் படிவதால் கூரையிலிருந்து விழுதுகள் தொங்குகின்றன.

மணற்பாறையில் நிகழ்வது வேறு. மணல்மணி எளிதில் கரைவதில்லை. அவற்றைப் பிணைக்கும் பொருளே முதலில் தளர்கின்றது. பொதுவாக நிகழும் முறை பின்வருமாறு. மழைநீர் மணற்பாறையின் நுண்டுளைகள், வெடிப்புகள் வழியாகக் கீழிறங்குகின்றது. இடையே நீர் புகாத களிப்பாறை அடுக்கு ஒன்று குறுக்கிட்டால், அதன்மேல் தங்கிப் பக்கவாட்டில் ஓடிப் பாறைச் சுவரின் முகத்தில் கசிகின்றது. கசிவுள்ள இடத்தில் இணைப்புப் பொருள் கரைந்து மணல் உதிர்கின்றது. நீர் ஆவியாகும்போது அதிலிருந்த உப்பு பாறையின் துளைகளுக்குள்ளே படிகமாகி, விரிந்து, மணிகளை நெம்பித் தள்ளுகின்றது. இவ்வாறு சுவரின் அடிப்பகுதி உள்வாங்க, மேற்பகுதி கூரைபோல் முன்னே நிற்கின்றது. பின்னர்க் கூரையின் அடிப்புறத்திலிருந்து பாளம் பாளமாகக் கற்கள் விழுந்து, குகை வளைவான கவிகையின் வடிவைப் பெறுகின்றது.

ஆதலால் மணற்பாறைக் குகைகளிற் பெரும்பாலானவை ஆழம் குறைந்து, வாய் அகன்று, வெளிச்சம் புகுவனவாக உள்ளன. இவற்றைப் பாறை மறைவிடங்கள் என்றழைப்பதே பொருந்தும். விதிவிலக்கும் உண்டு. மேகாலயத்தில் மவ்சின்ராம் பகுதியிலுள்ள கிரெம் பூரி என்னும் மணற்பாறைக் குகை 2018 ஆம் ஆண்டில் அளக்கப்பட்டபோது ஏறத்தாழ 24.5 கிலோமீட்டர் நீளமுடையதாகக் காணப்பட்டது. உலகில் அதுவரை அறியப்பட்ட மணற்பாறைக் குகைகளுள் மிக நீண்டது அதுவே. வெடிப்புகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் பாறையில் மிகுந்த மழையும் சேர்ந்தால் எத்தகைய வழிகள் உண்டாகும் என்பதற்கு அது சான்று.

பச்மரிப் பீடபூமி

சாத்பூரா மலைத்தொடரில் ஏறத்தாழ 1,067 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது பச்மரி. அதனையடுத்து நிற்கும் தூப்கர் சிகரம் ஏறத்தாழ 1,350 மீட்டர் உயரமுடையது. அம்மாநிலத்தில் அதுவே மிக உயர்ந்த இடம். இப்பீடபூமியைத் தாங்கும் மணற்பாறை, கோண்டுவானாப் படிவுகளைச் சேர்ந்தது. டிரயாசிக் காலத்தில், அதாவது இன்றைக்கு 25 கோடி முதல் 20 கோடி ஆண்டுகளுக்கு இடைப்பட்ட காலத்தில், ஆறுகள் கொணர்ந்த மணலால் ஆனது. கோண்டுவானா என்னும் பெயரே நடு இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் நிலப்பகுதியைக் குறித்து, பின்னர்த் தென்புலக் கண்டங்கள் அனைத்தும் ஒன்றாயிருந்த பழம்பெரும் நிலப்பரப்புக்கு வழங்கலாயிற்று.

இப்பாறையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. அதிற் பெரும்பகுதி சூன் முதல் செப்டம்பர் வரையுள்ள நான்கு மாதங்களிலேயே பெய்துவிடுகின்றது. செங்குத்தான வெடிப்புகளின் வழியே நீர் அறுத்துச் சென்றதால், ஹண்டி கோ போன்ற குறுகிய, ஆழ்ந்த பள்ளங்கள் தோன்றியுள்ளன. ஜடாசங்கர் குகை இத்தகைய பள்ளமொன்றின் அடியில், பெரும்பாறைகளின் நடுவே அமைந்தது. அங்கே கோடையிலும் ஈரமும் குளிர்ச்சியும் நீங்குவதில்லை.

ஊருக்கு அருகே ஒரு சிறு குன்றில் பாண்டவர் குகைகள் என வழங்கும் ஐந்து குகைகள் உள்ளன. ஊரின் பெயரும் இவ்வைந்திலிருந்தே வந்தது என்பர். பாண்டவர் தங்கியதாக மக்கள் கூறும் இவை பௌத்தத் துறவியர் உறைவதற்காகக் குடைந்தவை என்பது தொல்லியலார் கருத்து. இயற்கைக் குகையையும் மனிதன் குடைந்த குகையையும் வேறுபடுத்தி அறிய இவை நல்ல பாடமாகும். குடைந்த குகையில் நேரான விளிம்பும், சதுர மூலையும், தூணும், உளியின் தடமும் காணப்படும். இயற்கைக் குகையின் சுவரோ அடுக்குகளின் போக்கையும் வெடிப்புகளின் போக்கையும் தழுவியே செல்லும். தரையில், கூரையிலிருந்து உதிர்ந்த மணல் அதே நிறத்திற் பரந்து கிடக்கும்.

பாறையும் காடும்

பாறை மாறினால் காடும் மாறும் என்பதைப் பச்மரியைப்போல் எளிதிற் காட்டும் இடங்கள் சிலவே. பீடபூமியின் மணற்பாறை மீது சால் மரங்கள் செறிந்துள்ளன. அடிவாரத்திலுள்ள போரிப் பள்ளத்தாக்கில், எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறையின் மண்ணில், தேக்கு ஓங்கி வளர்கின்றது. சால் காடுகளின் பெரும்பரப்பு கிழக்கே வெகுதொலைவில் இருக்க, இங்கே அது தனித்த ஒரு தீவுபோல் நிற்கின்றது. ஜேம்சு பார்சித் என்னும் வனத்துறை அலுவலர் 1862 ஆம் ஆண்டில் இப்பகுதிக்கு வந்து, பின்னர் 1871 இல் வெளியான தம் நூலில் இக்காடுகளைப் பற்றி விரிவாக எழுதினார்.

குகை வாயில்களும் ஈரப் பள்ளங்களும் பெரணிகளின் உறைவிடம். வெயில் படாத, நீர் கசியும் மணற்பாறைச் சுவர்களில் மரப்பெரணி உட்படப் பலவகைப் பெரணிகளும் பாசிகளும் செழித்துள்ளன. சில அடி தொலைவிலுள்ள வறண்ட பாறையில் அவற்றுள் ஒன்றேனும் இராது. கசிவு எங்குள்ளது என அறியக் கருவி வேண்டா. பெரணி வரிசையை நோக்கினாலே போதும். இப்பகுதி 1999 ஆம் ஆண்டில் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பெற்றமைக்கு இத்தகைய வளமும் ஒரு காரணம்.

பீம்பேட்காவின் பாறை மறைவிடங்கள்

போபால் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், விந்திய மலையின் விளிம்பில் பீம்பேட்கா உள்ளது. இங்குள்ள மணற்பாறை பச்மரியினும் மிகப் பழையது, மிகக் கடினமானது. 1957 ஆம் ஆண்டில் தொல்லியல் அறிஞர் வி. எஸ். வாகண்கர் இரயிலிற் செல்கையில் இப்பாறைகளின் தோற்றத்தைத் தொலைவிலிருந்து கண்டார். ஐரோப்பாவில் தாம் பார்த்த ஓவியக் குகைகளின் அமைப்பை அவை ஒத்திருந்தமையால், பின்னர் நேரிற் சென்று ஆராய்ந்து, ஓவியங்களை உலகறியச் செய்தார். நிலவடிவத்தைக் கற்றவர் கண்ணுக்குத் தொலைவிலுள்ள பாறையும் பொருளுடையதாகும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 2003 ஆம் ஆண்டில் இவ்விடம் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது.

சுற்றியுள்ள குன்றுகளையும் சேர்த்து 700க்கு மேற்பட்ட மறைவிடங்கள் இங்குள்ளன. அவற்றுட் பலவற்றில் ஓவியங்கள் காணப்படுகின்றன. செந்நிறத்திற்கு இரும்புத்தாதுவான காவிக்கல் பயன்பட்டது. ஓவியங்கள் நிலைத்திருப்பதற்குப் பாறையின் கடினமும், மழை நேரே படாத கவிகையின் அமைப்புமே துணை. அதே காரணத்தால், மனிதன் தரும் சிறு ஊறும் அவற்றுக்குப் பெருந்தீங்காகின்றது. நிறம் நன்கு தெரியவேண்டி நீர் தெளித்தால், அந்நீர் உலரும்போது உப்பு மேற்பரப்பிற் படிந்து ஓவியத்தை மங்கச் செய்யும். விரலின் எண்ணெய்ப் பசையும், அடுப்புப் புகையும், கரியால் எழுதிய பெயர்களும் நீக்கற்கரியவை.

ஒரு பிழையும் அதன் திருத்தமும்

பீம்பேட்காவில் அண்மையில் நிகழ்ந்த ஒன்று, களத்திற் பணிபுரிவோர் அனைவரும் மனத்திற் கொள்ளத்தக்கது. அங்குள்ள பெருமண்டபக் குகையின் கூரையருகே, நடுநரம்பிலிருந்து இருபுறமும் கோடுகள் பிரியும் இலைபோன்ற ஒரு வடிவம் இருந்தது. டிக்கின்சோனியா என்பது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த, ஆசுதிரேலியாவிலும் உருசியாவிலும் கிடைத்துள்ள ஒரு தொல்லுயிர். பீம்பேட்கா வடிவம் அதன் புதைபடிவமே எனப் புவியியலறிஞர் கிரிகோரி ரெட்டாலக்கும் அவருடன் பணியாற்றியோரும் 2021 ஆம் ஆண்டில் ஓர் ஆய்விதழில் எழுதினர்.

இது வெறும் பெயர்ச் சிக்கலன்று. விந்தியப் பாறைகளின் மேலடுக்குகள் ஏறத்தாழ 100 கோடி ஆண்டு பழமையுடையனவா, அன்றி 55 கோடி ஆண்டளவினவா என்பது அறிஞரிடையே நெடுநாள் வழக்காக இருந்தது. அவ்வடிவம் உண்மையான புதைபடிவமாயின், அவ்வழக்கு ஒரு பக்கமாகத் தீர்ந்துவிடும். ஒரு மலைத்தொடரின் வரலாறே மாற்றி எழுதப்படும்.

பின்னர் புளோரிடாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் மீர்ட்டும் பிறரும் அவ்விடத்திற்குச் சென்று நோக்கினர். அவ்வடிவம் பாறையிலிருந்து உரிந்து கொண்டிருந்தது. புதைபடிவமாயின் அது பாறையின் ஒரு பகுதியாக இருத்தல் வேண்டும். சில ஆண்டுகளில் உரிந்து விழாது. அருகே மலைத்தேனீக்களின் அடைகளும், பழைய அடைகள் ஒட்டியிருந்த சுவடுகளும் இருந்தன. இலைபோல் தோன்றியது சிதைந்த தேனடையின் எச்சமே என்று அவர்கள் முடிவு கூறினர். 2023 ஆம் ஆண்டில் அம்முடிவு வெளியாயிற்று. முதலில் எழுதிய அறிஞரும் தம் கருத்துத் தவறானதென மறைக்காது ஏற்றுக்கொண்டார்.

இதிலிருந்து பெறும் பாடங்கள் மூன்று. முதலாவது, உருவ ஒற்றுமை மட்டுமே சான்றாகாது. அவ்வுரு பாறையோடு எவ்வாறு பொருந்தியுள்ளது என்பதையும் காணவேண்டும். இரண்டாவது, ஒருமுறை கண்டதோடு நில்லாமல் மீண்டும் சென்று காணவேண்டும். மூன்றாவது, சுற்றுப்புறம் முழுவதையும் நோக்கவேண்டும். தேனீ எங்கே அடை கட்டும், பழைய அடை எவ்வாறு சிதையும் என்பன காட்டுக் காவலர் நாள்தோறும் காண்பவை. எளியதென எண்ணி எழுதாமல் விடும் இத்தகைய குறிப்பே ஒரு நாள் பெரிய அறிவியல் வழக்கொன்றைத் தீர்க்க உதவலாம்.

குகைக்குள் நுழையுமுன்

மலைத்தேனீ பற்றிய அறிவு உயிர்காக்கும் அறிவும் ஆகும். கவிந்த பாறைகளின் அடியில் இத்தேனீக்கள் பெரிய அடைகளைக் கட்டுகின்றன. புகை, உரத்த ஓசை, எறியப்பட்ட கல் ஆகியவை அவற்றைச் சினமூட்டும். கூட்டமாகத் தாக்கினால் உயிருக்கே இடர் நேரும். ஆதலால் மறைவிடத்தை அடையுமுன் தொலைவில் நின்று கூரையின் அடிப்புறத்தை நோக்குதல் முதற்கடமை. அடை தென்பட்டால் குழுவை அமைதியாகத் திருப்பிக் கொண்டுசெல்ல வேண்டும்.

இரண்டாவதாகக் கூரையின் நிலையை ஆராய்தல் வேண்டும். பழைய பாறைமுகம் மழையாலும் பாசியாலும் கறுத்திருக்கும். இடையே வெளிர்மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ புதுநிறத் திட்டு இருந்து, அதற்கு நேர்கீழே கூரிய விளிம்புடைய பாளங்கள் கிடந்தால், அங்கே அண்மையிற் கல் விழுந்துள்ளது எனக் கொள்க. அத்தகைய கூரையின்கீழ், மழைக்குப் பின்னர் எவரும் அமர்தல் கூடாது.

மூன்றாவதாகத் தரையைக் காண்க. காலடித் தடம், எச்சம், உரோமம், எலும்புத் துண்டு, கடுநாற்றம் ஆகியவை கரடியோ சிறுத்தையோ அவ்விடத்தைப் பயன்படுத்துவதைக் காட்டும். இருண்ட குகையினுள் ஒருவர் தனியே நுழைந்து, விலங்கின் வெளிவழியை மறித்து நிற்பதே பெரும்பாலான தீங்குகளுக்குக் காரணம். வௌவால்கள் தங்கும் குகையில் அவற்றின் மீது ஒளி பாய்ச்சுதலும், எச்சத்தைக் கிளறுதலும் ஆகா. உலர்ந்த எச்சத்தின் தூசி நுரையீரல் நோயைத் தரக்கூடும். கலைந்த வௌவால்களோ குட்டிகளை இழக்க நேரிடும்.

நான்காவதாக வானத்தை நோக்குக. மலையின் மறுபுறம் பெய்த மழை, வெயில் காயும் பள்ளத்தில் திடீர் வெள்ளமாக வந்து சேரும். மழைக்காலத்தில் குறுகிய பள்ளங்களுக்கு மாணாக்கரை அழைத்துச் செல்லலாகாது. காப்பகங்களுக்குள் செல்ல 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உரிய அனுமதியும், வழியறிந்த உள்ளூர்த் துணையும் பெறுதல் வேண்டும்.

களக் குறிப்பேடு

ஒவ்வொரு மறைவிடத்திற்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பின்வருவனவற்றை அங்கேயே எழுதுக. இருப்பிடம் திரும்பிய பின் நினைவிலிருந்து எழுதுதல் நன்றன்று.

1. நாள், நேரம், இடம், குகைவாய் நோக்கும் திசை.
2. வாயின் அகலம், உயரம், உள்ளாழம். நாடா இல்லையேல் அடிவைத்து அளந்து, ‘அடிவைப்பு’ எனக் குறிக்க.
3. பாறையின் நிறம், மணியின் பருமன், குறுக்கு அடுக்கு தாழும் திசை.
4. கசிவு, உப்புப் பூப்பு, பெரணி ஆகியவை உள்ள இடம்.
5. புதிய கல்வீழ்ச்சியின் அடையாளம்.
6. விலங்கு, வௌவால், தேனடை. பழைய அடையின் சுவடும் சேர்த்து.
7. ஓவியமோ உளித்தடமோ இருப்பின் அதன் நிலை. தொடாமலும் நீர் தெளிக்காமலும் படமெடுத்து, அலுவலகத்திற்கு அறிவிக்க.

கண்டதை ஒரு பத்தியிலும் கருதியதை வேறொரு பத்தியிலும் எழுதுதல் இன்றியமையாதது. ‘இலைபோன்ற வடிவம், பாறையிலிருந்து விளிம்பு உரிந்துள்ளது’ என்பது காட்சி. ‘புதைபடிவம்’ என்பது கருத்து. இரண்டும் கலந்தால் பின்வருவோர் பிழையைத் திருத்த வழியிராது.

பள்ளியிற் செய்யத்தக்க சோதனைகள்

படிவு: ஒரு கண்ணாடிக் குப்பியில் கூழாங்கல், மணல், களிமண் ஆகியவற்றை நீருடன் சேர்த்துக் குலுக்கி அசையாது வைக்க. பருமனானவை முதலிலும் நுண்ணியவை கடைசியிலும் படிவதைக் காணலாம். ஓடும் நீர் மணலையும் களிமண்ணையும் வெவ்வேறிடங்களில் சேர்ப்பதன் காரணம் இதனால் விளங்கும்.

இணைப்புப் பொருள்: உதிர்ந்து கிடக்கும் கல்லை, அனுமதிக்கப்பட்ட இடத்தில் மட்டும், எடுத்து அதன்மேல் எலுமிச்சைச் சாறு அல்லது காடி சில துளி விடுக. நுரை எழுந்தால் சுண்ணாம்பு உளது. எழாவிடில் பெரும்பாலும் சிலிக்காவோ இரும்போ பிணைப்பாக இருக்கும்.

உப்பின் ஆற்றல்: நன்கு வேகாத செங்கல் துண்டு ஒன்றைச் செறிந்த உப்புநீரில் ஓரிரவு ஊறவைத்துப் பகலில் உலர்த்துக. இதனைப் பலநாள் திரும்பத் திரும்பச் செய்தால் மேற்பரப்பில் வெண்பூப்பும், விளிம்பில் பொடியுதிர்தலும் தோன்றும். மற்றொரு துண்டை வெறும் நீரில் அவ்வாறே ஊறவைத்து உலர்த்தி ஒப்பிடுதல் வேண்டும். மணற்பாறைக் குகையின் சுவர் உள்வாங்கும் முறையும், ஓவியத்தின்மீது நீர் தெளிக்கலாகாது என்பதன் காரணமும் இவ்வொரு சோதனையாலேயே மாணாக்கருக்குப் புலனாகும்.

பயிற்சி வினாக்கள்

1. சுண்ணாம்புக்கற் குகையும் மணற்பாறைக் குகையும் தோன்றும் முறையில் உள்ள வேறுபாடு யாது?
2. பாறைச் சுவரில் பெரணிகள் ஒரே வரிசையாக வளர்ந்திருப்பின், அவ்வரிசைக்குக் கீழே எத்தகைய அடுக்கை எதிர்பார்க்கலாம்? ஏன்?
3. ஒரு மறைவிடத்தின் தரையில் கூரிய பாளங்களும், கூரையில் வெளிர்நிறத் திட்டும் உள்ளன. குழுத்தலைவர் என்ன முடிவு செய்தல் வேண்டும்?
4. பீம்பேட்கா வடிவம் புதைபடிவமன்று என்பதைக் காட்டிய சான்றுகள் யாவை? அவற்றுள் ஒரு காட்டுக் காவலர் தாமே கண்டறியத்தக்கவை எவை?
5. பள்ளிக்கு அருகிலுள்ள கற்கட்டடம் ஒன்றை நோக்கி, அதன் அடிப்பகுதியில் உப்புப் பூப்பும் உதிர்வும் உள்ளனவா எனக் குறிப்பெழுதுக. கண்டதையும் கருதியதையும் தனித்தனியே எழுதுக.